அல்லிக்குளத்தின் மேல் எழுந்த கடைகள்: மூர் மார்க்கெட்டும் அது நின்ற பூங்காவும்

சென்னை மூர் மார்க்கெட்டைப் பற்றிய நினைவுக் குறிப்புகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. பழைய புத்தகங்கள், இசைத்தட்டுகள், கூண்டுக் கிளிகள், பேரம் பேசத் தெரியாதவன் ஏமாந்த கதைகள் என்று அவை ஒரு கட்டடத்தை நம் கண்முன் நிறுத்திவிடுகின்றன. ஆனால் அந்தக் கட்டடம் எந்த நிலத்தில் நின்றது என்பதை அவற்றில் அநேகமாகக் காண முடிவதில்லை. சந்தை 1985-இல் எரிந்து போயிற்று. அதைத் தாங்கிய பூங்கா கரைந்து முடிய நூறாண்டுக்கு மேல் பிடித்தது. மெதுவாக நிகழ்ந்த இழப்பைப் புரிந்துகொண்டால்தான் திடீரென்று நிகழ்ந்ததும் விளங்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1859-இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், நெரிசலான கறுப்பர் நகரத்து மக்களுக்கு மூச்சுவிட ஒரு திறந்தவெளி வேண்டும் என்று கருதினார். வருமான வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்ததற்காக அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். அவர் தொடங்கிவைத்த பூங்கா நிலைத்தது. சுமார் 116 ஏக்கரில் குளங்களும் வண்டிப் பாதைகளும் பேண்டு வாத்திய மேடையும் கொண்ட 'பீப்பிள்ஸ் பார்க்' உருவாயிற்று. எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக்காட்சிச் சாலையும் சில ஆண்டுகளில் இங்கே வந்து சேர்ந்தது. அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் இதை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னைவாசிகள் நெடுங்காலம் அழைத்துவந்தார்கள். பேட்டைக்கே பார்க் டவுன் என்ற பெயர் இந்தப் பூங்காவால் வந்தது.

பூங்காவில் முதல் பெரிய கட்டடம் நல்ல நோக்கத்தோடுதான் எழுந்தது. நகரத்தார்க்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று 1880-களில் 57 கிரவுண்டு நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய விக்டோரியா பொது மண்டபம் அங்கே எழுந்தது. பின்னாளில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட மேடை அது. வந்தது வீண் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வெற்றுநிலம் என்றால் எடுத்துக்கொள்ளலாம் என்ற வழக்கமும் அதோடு வேர்விட்டது. 1886 டிசம்பர் 31 அன்று பூங்காப் பொருட்காட்சியில் பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பின்னும் பூங்கா நகரத்தின் கூடுமிடமாகவே நீடித்தது.

அடுத்து வந்தது சந்தை. பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் சந்தை சுகாதாரக் கேடாக மாறியிருந்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த லெப்டினன்ட் கர்னல் சர் ஜார்ஜ் மூர், 1898-இல் புதிய சந்தைக்கு அடிக்கல் நாட்டினார். ஆர்.ஈ. எல்லிஸ் வடிவமைப்பில், ஏ. சுப்பிரமணிய ஐயர் கட்ட, இந்தோ-சாரசெனிக் பாணியில் 1900-இல் திறக்கப்பட்டது மூர் மார்க்கெட். நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் கடைகளுமாக அமைந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தின் இருப்பிடம்தான் அதன் செல்வம். பக்கத்தில் சென்ட்ரல் நிலையம். பின்னால் உயிர் காலேஜ். வெளியூரிலிருந்து வரும் குடும்பம் ரயிலைவிட்டு இறங்கி, புலியையும் குரங்கையும் பார்த்துவிட்டு, சந்தைக்குள் நுழைந்து வெளியேற ஒரு பகற்பொழுது போதும். மாணவனுக்கோ பாதி விலைப் பாடநூல் அங்கே கிடைத்தது. நூலக உறுப்பினர் அட்டைக்கு வழியில்லாத பல வாசகர்களை வளர்த்தது அந்தச் சந்தை என்பதே என் கணிப்பு. பூங்காவை விழுங்கிய கட்டடங்களுள் அதற்கு ஈடாக ஒன்றை நகரத்துக்குத் திருப்பித் தந்தது இதுதான்.

அதே பூங்கா நிலத்தில் 1913-இல் ரிப்பன் மாளிகை வந்தது. பிறகு கார்ப்பரேஷன் ஸ்டேடியம்: 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்த மைதானம். அதுவும் 1990-களில் இடிக்கப்பட்டு நேரு விளையாட்டரங்கம் ஆயிற்று.

1985-ஆம் ஆண்டை இந்த வரலாற்றின் திருப்புமுனையாகக் கொள்ளலாம். விலங்குக்காட்சிச் சாலை வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது அந்த ஆண்டில்தான். சென்ட்ரல் நிலைய விரிவாக்கத்துக்காகச் சந்தை நின்ற நிலம் ஏற்கெனவே கேட்கப்பட்டிருந்தது. மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. தீயைப் பற்றிய ஐயங்கள் ஊர்ப்பேச்சில் இன்றும் ஓயவில்லை. ஆனால் எரிந்த பின் அதை மறுபடி கட்டவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெறாததற்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு நூற்றாண்டாகப் பூங்காவின் ஒவ்வொரு துண்டும் அடுத்த தேவைக்குக் காத்திருக்கும் மனையாகவே பார்க்கப்பட்டது. கட்டடம் மறைந்ததும் எஞ்சியது மனை; மனைக்கு ஆள் தயாராக இருந்தது.

அங்கே புறநகர் ரயில் முனையமும் முன்பதிவு அலுவலகமும் எழுந்தன. ரயில்வே அட்டவணையில் அந்த முனையம் 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்றே குறிக்கப்படுகிறது. வாசலருகே பழைய சந்தையின் சிறு மாதிரி ஒன்றும் வைக்கப்பட்டது. இடமிழந்த வியாபாரிகளுக்குப் பூங்காவின் அல்லிக்குளத்தைத் தூர்த்து, அதன்மேல் வணிக வளாகம் கட்டித் தந்தார்கள். ஒரு கட்டடத்தின் அழிவுக்கு ஒரு நீர்நிலையை ஈடாகக் கொடுத்த இந்தச் செயல்தான் முழு வரலாற்றிலும் என்னை மிகவும் வருத்துகிறது. குளமும் போயிற்று, பழைய கூட்டமும் வரவில்லை. ரயிலடி, விலங்குச்சாலை, சந்தை என்ற சங்கிலி அறுந்தபின் பழம்புத்தகக் கடைக்குத் தற்செயலாக வந்து நுழைபவர் எங்கிருந்து வருவார்? காலப்போக்கில் வளாகத்தின் ஒரு பகுதியில் நீதிமன்றங்கள் இயங்கத் தொடங்கின.

இன்று பூங்காவாகவே எஞ்சியிருப்பவற்றுள் குறிப்பிடத்தக்கது நேரு விளையாட்டரங்கத்தை ஒட்டிய மை லேடீஸ் பூங்கா. மெட்ரோ ரயிலுக்காக ரிப்பன் மாளிகைக்கும் விக்டோரியா மண்டபத்துக்கும் அருகே நிலம் மறுபடி தோண்டப்பட்டபோது, பாரம்பரியக் கட்டடங்களில் விரிசல் விழுமா என்ற கவலை பொதுவெளியில் எழுந்தது, நியாயமான கவலை. அதே அக்கறையைக் கட்டடங்களுக்கு இடையே உள்ள நிலத்துக்கும் நீட்ட வேண்டும். சென்னையின் பாரம்பரியப் பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறுவது சுவரும் கூரையும் உள்ளவையே. டிரெவெலியன் காலத்துப் பூங்கா எல்லையை இன்றைய நில அளவைப் படத்தின் மேல் பொருத்தி, ஒவ்வொரு துண்டும் எந்த ஆண்டில், எந்த ஆணையின் பேரில் கைமாறியது என்று மாநகராட்சி ஆவணங்களிலிருந்து குறித்துவைப்பது அடுத்துச் செய்யவேண்டிய வேலை. மூர் மார்க்கெட்டின் நினைவுகளைத் தொகுப்பவர்கள் அந்தப் படத்தையும் உடன் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.