மடைக்கல்லும் மண்வெட்டியும்

காவிரி நீர் புதுக்கோட்டைச் சீமையின் உள்நாட்டை எட்டியதில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகும் கல்லணைக் கால்வாய் அறந்தாங்கிப் பக்கத்தைத்தான் தொட்டது. மற்ற ஊர்களுக்கு மானாவாரிக் கண்மாய்களே கதி. மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ளன. இவை அரசர்களின் கொடை என்பது பாதி உண்மைதான். புதுக்கோட்டை சமஸ்தானத் திவான் சேஷையா சாஸ்திரி நகரத்துக் குளங்களைத் தூர்வாரியதைப் போற்றலாம். ஆனால் சிற்றூர்களில் ஆண்டுதோறும் வண்டல் அள்ளி, கரைக்கு மண் அணைத்து, கலிங்கைக் காத்தவர்கள் குடிகளே. பாசனப் பங்கும் பராமரிப்பு உழைப்பும் பிரியாதிருந்த வரையில்தான் கண்மாய் நிலைத்தது.

குடிமராமத்து எனப்பட்ட அந்தக் கூட்டுப் பராமரிப்பு சாதி ஒடுக்குமுறை அல்லவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிலமற்றவர்கள் மண் சுமந்தார்கள், நீர் பிறர் வயலுக்குப் பாய்ந்தது. மடை திறந்தவருக்குக் களத்தில் அளந்த நெல்தான் மிச்சம். அந்த அநீதியை மறைத்துப் பழமையைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால் கட்டாயமும் மாற்று வழி ஆகவில்லை: அண்டையிலிருந்த சென்னை மாகாணம் 1858இல் சட்டம் போட்டும் குடிமராமத்தைக் காக்க முடியவில்லை. பின்னாளில் ஆழ்துளைக் கிணறு வந்ததும், வசதியுள்ளவருக்குக் கண்மாயின் தேவையே குறைந்துவிட்டது. 2017இல் அரசு மீட்டெடுத்த குடிமராமத்துத் திட்டம் செலவில் பத்து விழுக்காட்டை ஆயக்கட்டு விவசாயிகளிடம் கேட்டது. நிலமில்லாதவருக்கு மீன் குத்தகையிலும் வண்டலிலும் உரிமை தருவதையும் அதோடு சேர்த்திருக்க வேண்டும்.