சாமுவேல் பார்: தலைமையாசிரியர் ஒருவரின் எழுத்துகளும் இலத்தீனும்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இலத்தீன் எப்பணிக்குரியதாக நிலவியது என்பதைச் சாமுவேல் பாரின் (1747–1825) எழுத்துகள் காட்டுகின்றன. ஹாரோவில் பிறந்த பார், அவ்வூர்ப் பள்ளியில் வில்லியம் ஜோன்ஸின் தோழராகப் பயின்றார். 1771இல் அப்பள்ளியின் தலைமைப் பதவி கிட்டாமையால் ஸ்டான்மோரில் தனிப்பள்ளி தொடங்கினார். பின்னர்க் கோல்செஸ்டர், நார்விச் பள்ளிகளுக்குத் தலைமை ஏற்றார்.

1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், கோல்டுஸ்மித்தின் நினைவு வாசகத்தை ஆங்கிலத்தில் எழுதுமாறு நண்பர்கள் 1776இல் வேண்டியும் இசையவில்லை, இலத்தீனையே தெரிந்தார். பின்னர்ப் புனித பவுல் பேராலயத்தில் ஜான்சனுக்கு எழுந்த சிலையின் வாசகத்தைப் பாரும் இலத்தீனிலேயே இயற்றினார்.

பாரின் கையெழுத்து படித்தற்கு அரியது எனப் பெயர் பெற்றது. எனினும் அவர் மறைவுக்குப் பின் ஜான் ஜான்ஸ்டன் 1828இல் அவர்தம் நூல்களையும் கடிதங்களையும் வாழ்க்கைக் குறிப்புடன் எட்டுத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். அவற்றுள் மடலுக்கும் சொற்பொழிவுக்கும் ஆங்கிலம் பயன்படுகிறது; கல்வெட்டுக்கு இலத்தீன் பயன்படுகிறது. பேச்சுவழக்கு ஒழிந்த மொழியும் தனக்குரிய பணியால் நிலைபெறும் என்பது இதனாற் புலப்படும். இத்தகைய வாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பின் பொருள் எஞ்சும். அம்மொழியைத் தெரிந்தெடுத்த நோக்கம் மறையும். அந்நோக்கத்தையும் உணர்த்துவது மொழிபெயர்ப்பாளரின் கடனாகும்.