வென்ற அணிக்குக் கதவு மூடப்பட்ட பருவகாலம்: 2011–12 இங்கிலாந்து றக்பி சம்பியன்ஷிப்

2012 மே 23. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள பென்சான்ஸ் என்ற கடலோர நகரத்தில் அன்று மாலை ஓர் இறுதிப்போட்டி. கோர்னிஷ் பைரட்ஸ் கழகமும் லண்டன் வெல்ஷ் கழகமும் மோதவிருந்தன. இங்கிலாந்து றக்பியின் இரண்டாம் அடுக்கான சம்பியன்ஷிப்பை வெல்லும் அணி, அடுத்த பருவகாலத்தில் முதலாம் அடுக்கான பிரிமியர்ஷிப்புக்கு ஏறும். எட்டு மாதங்களாக இரு அணிகளும் விளையாடியது அதற்காகத்தான்.

ஆனால் பந்து உதைக்கப்படுவதற்கு முன்னரே, அதே நாளில், இங்கிலாந்தின் றக்பி யூனியன் தன் முடிவை அறிவித்துவிட்டது. இந்த இறுதிப்போட்டியில் எவர் வென்றாலும் எவரும் மேலே போகப்போவதில்லை. பைரட்ஸிடம் தகுதியான மைதானம் இல்லை. லண்டன் வெல்ஷ் முன்வைத்த மைதானமும் விதிகளுக்குப் பொருந்தவில்லை. பிரிமியர்ஷிப்பில் கடைசி இடத்தைப் பிடித்த நியூகாசில் அங்கேயே இருக்கும்.

அந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டுத்தான் இரு அணிகளும் களமிறங்கின.

சம்பியன்ஷிப் என்றால் என்ன?

உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் எமக்குப் பழகியவை. றக்பி இலங்கையில் பெரும்பாலும் கண்டி, கொழும்புப் பாடசாலைகளினதும் கழகங்களினதும் விளையாட்டாகவே இருந்து வந்திருக்கிறது. எனவே அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

அணிக்கு 15 பேர், 80 நிமிடங்கள். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை. அதற்கு 5 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் மேலும் 2. தண்ட உதைக்கு 3. லீக் அட்டவணையில் வெற்றிக்கு 4 புள்ளிகளும் சமநிலைக்கு 2 புள்ளிகளும் கிடைக்கும். நான்கு ட்ரைகள் போட்டாலோ, 7 அல்லது அதற்குக் குறைந்த புள்ளி வித்தியாசத்தில் தோற்றாலோ ஒவ்வொரு மேலதிகப் புள்ளி உண்டு.

முன்னர் நஷனல் டிவிஷன் ஒன் என்றிருந்த இரண்டாம் அடுக்கு, 2009 இல் 12 அணிகளுடன் சம்பியன்ஷிப் என்ற பெயரில் மாற்றியமைக்கப்பட்டது. அக்காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் இங்கிருந்து ஓர் அணி மேலே செல்வதும், மேலிருந்து ஓர் அணி இறங்குவதும் வழக்கமாக இருந்தது. இந்த ஏணியால் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு எக்ஸிற்றர் கழகம் நல்ல உதாரணம். 2010 இல் சம்பியன்ஷிப்பை வென்று முதன்முறையாக மேலேறிய எக்ஸிற்றர், 2017 இல் பிரிமியர்ஷிப் கிண்ணத்தை வென்றது. 2020 இல் ஐரோப்பியக் கிண்ணமும் அதன் கைக்கு வந்தது.

அந்தப் பருவகாலத்தின் அணிகள்

2011–12 இல் விளையாடிய 12 அணிகள்: பெட்போர்ட், பிரிஸ்டல், கோர்னிஷ் பைரட்ஸ், டொன்காஸ்ரர், ஈஷர், லீட்ஸ், லண்டன் ஸ்கொட்டிஷ், லண்டன் வெல்ஷ், மோஸ்லி, நொட்டிங்ஹாம், பிளிமத், றொதர்ஹாம். இவற்றில் லீட்ஸ் பிரிமியர்ஷிப்பிலிருந்து இறங்கி வந்தது. லண்டன் ஸ்கொட்டிஷ் மூன்றாம் அடுக்கிலிருந்து ஏறி வந்தது. முந்தைய ஆண்டின் சம்பியனான வூஸ்ரர் மேலே போயிருந்தது.

லண்டன் வெல்ஷ், லண்டன் ஸ்கொட்டிஷ் என்ற பெயர்களைக் கவனிக்க வேண்டும். இவை ஓர் ஊரின் கழகங்கள் அல்ல, ஊர் விட்டு வந்தவர்களின் கழகங்கள். வேலை தேடியும் படிப்புக்காகவும் லண்டனுக்கு வந்த வேல்ஸ் நாட்டவர்கள் 1885 இல் தொடங்கியது லண்டன் வெல்ஷ். றிச்மண்டிலுள்ள ஓல்ட் டியர் பார்க் அவர்களின் வீடு. புலம்பெயர்ந்த இடத்தில் ஊர்ச்சங்கமும் பழைய மாணவர் சங்கமும் என்ன செய்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு, இப்படியொரு கழகம் அதன் மக்களுக்கு எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் லண்டன் வெல்ஷ் உச்சத்தில் இருந்தது. 1971 இல் நியூசிலாந்தைத் தோற்கடித்துத் திரும்பிய பிரிட்டிஷ் லயன்ஸ் அணியில் இந்த ஒரே கழகத்தைச் சேர்ந்த ஏழு வீரர்கள் விளையாடினார்கள். அவ்வணியின் தலைவர் ஜோன் டோஸும் லண்டன் வெல்ஷ்காரரே. ஜே.பி.ஆர். வில்லியம்ஸ், ஜெரால்ட் டேவிஸ், மேர்வின் டேவிஸ் ஆகியோரும் அதில் அடக்கம்.

1995 இல் றக்பி யூனியன் தொழில்முறை விளையாட்டாக மாறியதும் நிலைமை தலைகீழானது. பணமும் பெரிய மைதானமும் உள்ள கழகங்கள் முன்னே போயின. 2009 இல் லண்டன் வெல்ஷ் கடனில் மூழ்கி நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டு, மீண்டு வந்தது.

மைதானத்தில் நடந்தது

அந்நாளைய சம்பியன்ஷிப்பில் அட்டவணையில் முதலிடம் பிடிப்பவர் சம்பியன் அல்ல. 22 சுற்றுகள் முடிந்ததும் முதல் எட்டு அணிகள் இரு குழுக்களாகப் பிரிந்து மீண்டும் விளையாடும். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகள் அரையிறுதிக்குச் செல்லும். கடைசி நான்கு அணிகள் தரமிறக்கத்தைத் தவிர்க்கத் தமக்குள் போராடும்.

22 சுற்றுகளின் முடிவில் முதலிடம் பிரிஸ்டலுக்கு. லண்டன் வெல்ஷ் நான்காம் இடத்தில் இருந்தது. அரையிறுதிகளில் பிரிஸ்டலைக் கோர்னிஷ் பைரட்ஸ் வீழ்த்தியது. லண்டன் வெல்ஷ் பெட்போர்டை வென்றது. கீழ்க்குழுவில் தோற்ற ஈஷர் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. அதன் இடத்துக்கு ஜேர்சித் தீவின் கழகம் ஏறி வந்தது.

இறுதிப்போட்டி இரண்டு ஆட்டங்கள். மேலே சொன்ன அறிவிப்பு வந்த நாளில், பென்சான்ஸில் லண்டன் வெல்ஷ் 37–21 என வென்றது. ஒரு வாரம் கழித்து, மே 30 அன்று, ஒக்ஸ்போர்டில் நடந்த இரண்டாவது ஆட்டத்தையும் 29–20 என வென்றது. மொத்தம் 66–41. முந்தைய ஆண்டு இறுதிப்போட்டியில் வூஸ்ரரிடம் தோற்றிருந்த பைரட்ஸுக்கு இது தொடர்ந்து இரண்டாவது ஏமாற்றம்.

பயிற்றுநர் லின் ஜோன்ஸின் வீரர்கள் கிண்ணத்தைத் தூக்கினார்கள். மேலே போக அனுமதி மட்டும் அப்போது கிடைக்கவில்லை.

விதி என்ன சொன்னது?

பிரிமியர்ஷிப்புக்கு ஏறும் அணி அப்போது 'குறைந்தபட்சத் தராதரம்' என்ற நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டியிருந்தது. குறைந்தது 10,000 பேர் கொள்ளும் மைதானம் அவற்றில் ஒன்று. ஓல்ட் டியர் பார்க்கில் அது சாத்தியமில்லை. எனவே லண்டன் வெல்ஷ், ஒக்ஸ்போர்ட் யுனைற்றட் உதைபந்தாட்டக் கழகம் விளையாடும் கசாம் மைதானத்தை முன்வைத்தது. அங்கே சுமார் 12,500 பேர் அமரலாம்.

சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. கழகத்துக்குத் தன் மைதானத்தில் 'முதலுரிமை' இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அதாவது போட்டி நாளை முடிவு செய்யும்போது றக்பிக் கழகத்துக்கே முதலிடம் தரப்பட வேண்டும். கசாம் மைதானத்தில் அந்த உரிமை உதைபந்தாட்டக் கழகத்துக்கு இருந்தது. லண்டன் வெல்ஷ் அங்கு வாடகைக்கு வருபவர் மட்டுமே.

கேட்பதற்கு நியாயமான விதிதான். தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு ஏற்றபடி போட்டி அட்டவணையை அமைக்க வேண்டுமானால், மைதானம் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் அப்போது பிரிமியர்ஷிப்பில் இருந்த மூன்று கழகங்களுக்கும் அந்த முதலுரிமை இருக்கவில்லை. லண்டன் ஐரிஷ் றெடிங்கிலும், சரசன்ஸ் வொற்போர்டிலும், வொஸ்ப்ஸ் ஹை விக்கமிலும் உதைபந்தாட்ட மைதானங்களில் வாடகைக்கு விளையாடின. அவற்றுக்கு விதிவிலக்கு இருந்தது. அந்த விதிவிலக்கு மூன்று கழகங்களோடு நின்றது. நான்காவதாக வந்தவருக்கு இடமில்லை.

அதாவது உள்ளே இருப்பவர் செய்தால் விதிவிலக்கு, வெளியே நிற்பவர் செய்தால் தகுதியின்மை.

மேன்முறையீடு

லண்டன் வெல்ஷ் மேன்முறையீடு செய்தது. ஜேம்ஸ் டிங்கெமன்ஸ் என்ற மூத்த சட்டத்தரணியின் தலைமையில் சுயாதீனமான குழு விசாரித்தது. கழகத்தின் வாதம் எளிமையானது: சந்தைப் போட்டியைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, ஏற்கெனவே உள்ளவர்களைக் காத்து புதியவரைத் தடுக்கும் விதி செல்லாது.

2012 ஜூன் 29 அன்று தீர்ப்பு வந்தது. மூன்று கழகங்களுக்கு விலக்கு அளித்துவிட்டு லண்டன் வெல்ஷை மட்டும் அதே காரணத்துக்காகத் தடுக்க முடியாது என்று குழு கண்டது. கழகத்துக்கு வெற்றி. பிரிமியர்ஷிப் கதவு திறந்தது.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. நியூகாசில் தன் கடைசி ஆட்டத்தில் வொஸ்ப்ஸை 14–10 என வென்றும், அட்டவணையில் அதற்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்று கடைசி இடத்தைப் பிடித்திருந்தது. மே மாதத்தில் 'நீங்கள் தப்பிவிட்டீர்கள்' என்று கேட்ட அக்கழகம், ஜூன் முடிவில் 'இல்லை, இறங்குகிறீர்கள்' என்று கேட்டது. அந்த வாரங்களில் அங்கே ஒப்பந்தத்துக்காகக் காத்திருந்த வீரர்களும் ஊழியர்களும் எந்தத் தவறும் செய்யவில்லை. விளையாட்டு தொடங்குவதற்கு முன்பே தீர்க்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வியை, முடிந்தபின் தீர்த்ததன் விலையை இரு கழகங்களும் செலுத்தின. நியூகாசில் அடுத்த ஆண்டே சம்பியன்ஷிப்பை வென்று திரும்பியது.

வென்ற பின்

தீர்ப்பு வந்தபோது புதிய பருவகாலத்துக்கு எஞ்சியிருந்தது இரண்டு மாதங்கள். மற்றக் கழகங்கள் நல்ல வீரர்களை எப்போதோ ஒப்பந்தம் செய்துவிட்டன. வேல்ஸ் வீரர் கவின் ஹென்சன் உட்படச் சிலரை அவசரமாகச் சேர்த்துக்கொண்டு லண்டன் வெல்ஷ் களமிறங்கியது. புதிதாக ஏறும் அணிக்கு மத்திய நிதியிலிருந்து கிடைக்கும் பங்கும் பழைய பங்குதாரர்களினதைவிடக் குறைவு. விளையாடுவதோ றிச்மண்டிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தொலைவில். பரம்பரை ஆதரவாளர்கள் ஒவ்வொரு 'வீட்டு ஆட்டத்துக்கும்' பயணம் செய்ய வேண்டியிருந்தது.

2012–13 இல் கழகத்தின் மீது வேறொரு குற்றமும் நிரூபணமானது. ஒரு வீரரின் பதிவுக்காக அணி முகாமையாளர் பொய்யான ஆவணத்தைச் சமர்ப்பித்திருந்தார். ஐந்து புள்ளிகள் வெட்டப்பட்டன. கழகம் கடைசி இடத்தில் முடித்து இறங்கியது. 2014 இல் பிரிஸ்டலை இறுதிப்போட்டியில் வென்று மீண்டும் ஏறியது. ஆனால் 2014–15 இல் 22 ஆட்டங்களிலும் தோற்றது. பருவகாலம் முழுவதற்கும் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி.

2016 டிசம்பரில் கழகத்தை நடத்திய நிறுவனம் கடன் தாங்காமல் கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. 2017 ஜனவரியில் சம்பியன்ஷிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அந்தப் பருவகாலத்தில் அது விளையாடிய ஆட்டங்களின் முடிவுகளும் அட்டவணையிலிருந்து அழிக்கப்பட்டன.

கழகம் மட்டும் அழியவில்லை. அதே ஓல்ட் டியர் பார்க்கில், சம்பளம் இல்லாத வீரர்களுடன், ஒன்பதாம் அடுக்கிலிருந்து மறுபடியும் தொடங்கியது. பணம் போனபின்னும் 1885 இல் அதை உருவாக்கிய காரணம் அப்படியே இருந்தது.

இன்றும் முடியாத கேள்வி

அந்தப் பருவகாலத்தின் ஆட்ட முறை இப்போது இல்லை. 2017 உடன் அந்த இறுதிச்சுற்று முறை கைவிடப்பட்டு, அட்டவணையில் முதலிடம் பெறுபவரே சம்பியன் என்றானது. ஆனால் மைதான விதி போகவில்லை. 2022 இலும் 2024 இலும் மேற்கு லண்டனின் ஈலிங் ட்ரெயில்பைன்டர்ஸ் முதலிடம் பிடித்தும், மைதானம் போதாது என்ற காரணத்தால் மேலே போக முடியவில்லை.

தராதரம் தேவையில்லை என்று எவரும் சொல்ல முடியாது. பார்வையாளரின் பாதுகாப்பும் கழகத்தின் நிதிநிலையும் முக்கியமானவை. லண்டன் வெல்ஷ் பின்னர் வீழ்ந்ததைக் காட்டி, அன்றைய தடை சரிதான் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் மேன்முறையீட்டுக் குழுவின் முன் இருந்தது, அந்தக் கழகம் எதிர்காலத்தில் வெல்லுமா என்ற கேள்வி அல்ல. ஒரே விதி எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. அதற்கு 2012 ஜூன் 29 அன்று கிடைத்த பதில் 'இல்லை' என்பதுதான்.