சில்லறையும் வட்டமும்



சென்ற ஆடித் திங்களில் நம் சங்க மண்டபத்து அன்னதான உண்டியலைத் திறந்தபொழுது, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களாகவே நான்கு பைகள் நிறைந்தன. அவற்றைச் சங்கக் கணக்கிற் செலுத்தும்பொருட்டு வங்கிக்குச் சென்ற இளைஞர் இருவர், நண்பகல்வரை காத்திருந்து, ‘எண்ணுதற்கு ஆளில்லை, எண்ணினும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு’ என்னும் விடையைப் பெற்றுப் பைகளோடு மீண்டனர். அவருள் ஒருவர் எம்மை நோக்கி, ‘ஐயா, நம் காசை வாங்கிக்கொள்வதற்கு நாமே காசு கொடுப்பதா? இஃது எங்குமில்லாப் புதுமையாக இருக்கின்றதே!’ என வினவினார். ‘புதுமையன்று, தம்பி, உம் பாட்டனார்க்குப் பாட்டனார் இதனைப் பலகால் கொடுத்தவரே. அதற்கு அந்நாளில் வட்டம் என்று பெயர்’ என்றோம். அச்சொல்லை அவர் கேட்டறியார். ஆதலின் அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது எழுதப் புகுந்தோம்.

ஒரு நாணயத்தை மற்றொரு நாணயமாக மாற்றுங்கால் மாற்றிக் கொடுப்போன் கழித்துக்கொள்ளுந் தொகையே வட்டம். வட்டி வேறு, வட்டம் வேறு. வட்டி கடன்பட்டவன் கொடுப்பது. வட்டமோ யாதொரு கடனும் படாதவனும் கொடுத்தது. கையிற் பொருளுடையவன் அப்பொருளை வழங்குதற்காகவே கொடுத்தது என்க.

ஆங்கிலக் கும்பெனியார் சென்னையிற் கணக்கெழுதிய முறையை முதற்கண் நோக்குவாம். 80 காசு கொண்டது ஒரு பணம். 42 பணம் கொண்டது ஒரு நட்சத்திர வராகன். எனவே வராகன் ஒன்றுக்கு 3,360 காசு. இக்கணக்கு ஏட்டின்கண் அசையாது நின்றது. கடைத்தெருவிலோ, பொன் விலையும் செம்பு விலையும் ஏறியிறங்குந்தோறும் வராகனுக்கு இத்தனை பணம் என்பதும் ஏறியிறங்கிற்று. இவற்றோடு ஆர்க்காட்டு ரூபாயும் உடன் வழங்கிற்று. அதனை அடிக்கும் உரிமையைப் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் 1736 ஆம் ஆண்டில் நவாபு தோஸ்து அலிகானிடம் பெற்றனர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அமர்ந்திருந்த ஒல்லாந்தர் தம் செம்புக் காசுகளைப் பரப்பினர். அவர்தம் ‘டொயிட்’ என்னும் நாணயப் பெயரே நம் நாவில் துட்டு ஆயிற்று. இன்று செல்வம் முழுமைக்கும் பெயராய் நிற்கும் ‘பணம்’ என்னுஞ் சொல், அந்நாளில் விரல் நகத்தினும் சிறிய ஒரு நாணயத்தையே குறித்தது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று.

இத்துணை நாணயம் ஒரு நாட்டில் வழங்கினால் ஏழை என் செய்வான்? அவன் கூலியாகப் பெற்றது செம்பு; வரியாகச் செலுத்த வேண்டியது வெள்ளி அல்லது பொன். அயலூர்ச் சந்தைக்குப் போனால் ஆங்கு அவன் காசு செல்லாது, அல்லது குறைவாகச் செல்லும். ஒவ்வொரு முறையும் சராபின் கடைவாயிலை அவன் மிதித்தே ஆகவேண்டும். வராகனாகவே வாங்கி வராகனாகவே கொடுக்கும் பெருவணிகனுக்கு ஆண்டில் சிலமுறை நேர்ந்த வட்டம், காசிற் பிழைப்போனுக்கு நாள்தோறும் நேர்ந்தது.

இதனாற் சராபுமார் அனைவரும் வஞ்சகர் என்று கூறுவார் உரை எமக்கு உடன்பாடன்று. உரைகல்லில் உரைத்து மாற்றறிதலும், தேய்ந்த நாணயத்தை நிறுத்துக் கழிவு காண்டலும் எளிய தொழில் அல்ல. எண்ணுதல் ஒன்றே பெரும்பாடு. திருவிதாங்கூரில் வழங்கிய சக்கரம் என்னும் வெள்ளி நாணயம் மிளகினும் சிறிதே பெரிது. இருபத்தெட்டரைச் சக்கரம் சேர்ந்தால்தான் ஓர் ஆங்கில ரூபாய். அதனை விரலால் எண்ணப் புகுந்தால் பொழுது போய்விடும் என்று கண்டு, நூற்றுக்கணக்கான சிறு குழிகள் குடைந்த மரப்பலகை ஒன்று செய்தனர். நாணயங்களை அதன்மேற் கொட்டி அசைத்தால் குழிக்கு ஒன்றாக அமரும். எஞ்சியவற்றை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. இன்று வங்கியில் எண்ணும் பொறிக்கு இப்பலகையே மூத்தோன்.

செம்புச் சில்லறை இங்குப் போதாமையால் கும்பெனியார் அதனைச் சீமையில் அடித்துக் கப்பலில் அனுப்பினர் என்பது பலர் அறியாத செய்தி. பர்மிங்காம் நகரை அடுத்த சோகோவில் இருந்த போல்ட்டன் என்பாருடைய நாணயச்சாலையில், 1808 ஆம் ஆண்டு பொறித்த பத்துக் காசு, இருபது காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்டது ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னுங் கப்பல். 1809 ஜனவரியில் அது இங்கிலாந்தின் கரையைக்கூடத் தாண்டாமல் குட்வின் மணற்றிட்டில் உடைந்தது. நம் முன்னோர் உப்பும் புளியும் வாங்கியிருக்க வேண்டிய காசுகள் நூற்றெழுபது ஆண்டுகட்கு மேல் கடலடியிற் கிடந்து, 1985 இல் பெருந்தொகையாக வெளியே எடுக்கப்பட்டன. இப்பொழுது அவை பழம்பொருள் தொகுப்போர் பெட்டியில் உறங்குகின்றன.

1818 இல் சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டு வெள்ளி ரூபாயை மேற்கொண்டது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என விகிதம் வகுத்தனர். 1835 இல் கும்பெனியின் ஆட்சிப் பரப்பு முழுவதற்கும் 180 குண்டுமணி எடையன்று, 180 கிரெயின் எடையுள்ள ஒரே ரூபாய் ஏற்பட்டது. (இவ்விரு எடையையும் ஒன்றென மயங்குவார் பலர்.) வட்டம் என்னுஞ் சொல் மெல்ல வழக்கொழியத் தொடங்கியது இதன் பின்னரே.

சொல் ஒழிந்தது, பொருள் ஒழிந்ததோ? இரண்டாம் உலகப் போரில் சில்லறை மறைந்தது. 1940 இல் ஒரு ரூபாய்த் தாள் மீண்டும் வந்தது. 1943 இல் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணா வந்தது. மோர்வி, பிகானேர் முதலிய சமஸ்தானங்கள் சில்லறைக்கு ஈடாகச் சீட்டு அச்சிட்டன. 1957 ஏப்ரல் 1 இல் நயாபைசா பிறந்தபோது ஓர் அணாவுக்கு 6 நயாபைசா என மாற்றுப் பட்டியல் கூறிற்று. ஒரே தடவையில் 16 அணாவை மாற்றியவனுக்கு 100 நயாபைசா. ஓரோர் அணாவாகப் பதினாறு முறை மாற்றியவனுக்கு 96. எஞ்சிய நான்கும் யார் கைக்குப் போயின என்று யாம் சொல்லவும் வேண்டுமோ?

2011 ஜூன் 30 ஆம் நாளோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் செல்லாவாயின. இப்பொழுது நாணயம் எண்ணக் கட்டணம், பணம் செலுத்தக் கட்டணம், எடுக்கக் கட்டணம் என வட்டம் வேறு பெயர் பூண்டுள்ளது. ஏ.டி.எம். என வழங்கும் பணப்பொறியில், மாதத்திற்குக் குறித்த இலவச எல்லை கடந்தபின் ஒரு தடவைக்கு 23 ரூபாய்வரை பெறலாம் என 2025 மே 1 முதல் ரிசர்வ் வங்கி இசைவளித்தது, வரி வேறு. பதினாயிரம் எடுப்பவனுக்கு இது நூற்றுக்குக் கால் ரூபாயும் ஆகாது. இருநூறு எடுப்பவனுக்கு நூற்றுக்குப் பதினொன்றரை!

வங்கியை மட்டும் நோவதில் பயனில்லை. பத்து ரூபாய் நாணயத்தின் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்த பின்னரும், அதனை வாங்க மறுத்த கடைக்காரருள் நம்மவரும் உளர். மீதி ஒரு ரூபாய்க்கு மிட்டாய் கொடுத்தனுப்புவோரும் உளர். அம்மிட்டாயை மறுநாள் அதே கடையில் ஒரு ரூபாயாக வாங்கிக்கொள்வரோ?

உண்டியற் கதைக்கு வருவோம். சிறு நாணயங்களை எந்த வங்கிக் கிளையும் வாங்க மறுத்தலாகாது என்றும், நூறு நூறாகப் பையிலிட்டோ நிறுத்தோ பெற்றுக்கொள்ளலாம் என்றும் ரிசர்வ் வங்கியின் விதி உண்டு. அதனை எழுதி எடுத்துக்கொண்டு மறுநாட் செல்லலாம் என்றிருந்தோம். அன்று மாலை மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் மண்டபத்திற்கு வந்தார். பைகளைக் கண்டதும், ‘வாத்தியாரையா, நான் வாரந்தோறும் தரகனுக்கு நூற்றுக்கு ஐந்து கழிவு கொடுத்தல்லவோ சில்லறை வாங்குகிறேன்! இதனை எனக்குக் கொடுத்தால் ஆகாதா?’ என்றார். ஒரே வீதியில் ஒருவர் சில்லறையை வேண்டாவென்று கட்டணம் கேட்க, மற்றொருவர் அதனையே வேண்டுமென்று கழிவு கொடுத்து நின்றார்!

நம் பள்ளி மாணவர் எண்மர் அமர்ந்து நூறு நூறாக எண்ணிக் கட்டினர். இரண்டு பைகளை அவரே முழுவிலைக்குப் பெற்றுச் சென்றார். மூன்றாவதைத் தேநீர்க் கடை வைத்திருப்போர் இருவர் பகிர்ந்துகொண்டனர். நான்காவது பை மண்டபத்திற் செயலாளரிடம் உள்ளது. சில்லறை வேண்டும் உறுப்பினர், வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் வந்து தாள் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். வட்டம் இல்லை.