பக்கவாதம் பணக்கார வியாதியா? ஜப்பானின் கணக்கு

அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, "இதெல்லாம் பணக்கார வியாதி, எனக்கு எதுக்குடா?" என்று டப்பாவை அலமாரியில் போட்டுவிட்டார். இரண்டு வருஷம் கழித்து பக்கவாதம் வந்தது. இடது கை போனது. நானும் அப்போது அவர் சொன்னதை மறுக்கவில்லை. நாடு வளர்ந்தால் தொற்றுநோய் போகும், வசதியோடு வரும் நோய்கள் அதன் இடத்தைப் பிடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த மாற்றத்துக்கு ஒரு கோட்பாடு கொடுத்தவர் அப்தெல் ஓம்ரான். 1971ல் வந்த அவருடைய கட்டுரையில், வேகமாக மாறிய நாட்டுக்கு உதாரணம் ஜப்பான். சரி, ஜப்பானையே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

அங்கே 1935 முதல் 1950 வரை முதலிடம் காசநோய்க்கு. 1947ல் மட்டும் சுமார் 1,46,000 பேர் இறந்தார்கள். செத்தவர்களில் ஏராளமானோர் இளவயதினர். நூற்பாலை விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கிய பெண்கள் நோயோடு ஊர் திரும்பினார்கள். நோய் கிராமத்துக்கும் போனது. 2004லிருந்து 20 வருஷம் 5000 யென் நோட்டில் இருந்த எழுத்தாளர் ஹிகுச்சி இச்சியோ காசநோயில் இறந்தது 1896ல், 24 வயதில். போருக்குப் பிறகு ஸ்ட்ரெப்டோமைசின், பிசிஜி எல்லாம் வந்து இந்தச் சாவுகள் மளமளவென்று குறைந்தன.

1951ல் முதலிடத்துக்கு வந்தது பக்கவாதம். 1980 வரை அங்கேயே இருந்தது. ஆனால் அது புதிதாக முளைக்கவில்லை. 1930களிலேயே பெரிய எண்ணிக்கையில் கொன்றுகொண்டுதான் இருந்தது. எங்கள் வேலையில் இது சகஜம்: மேலே இருக்கும் பக்கை சரிசெய்தால்தான் அடியில் இருப்பது கண்ணில் படும்.

அது யாரைக் கொன்றது என்பதுதான் முக்கியம். வடகிழக்கில் இருக்கும் அகிதா மாதிரியான விவசாயப் பகுதிகளில்தான் அடி அதிகம். அங்கே பனி மூடும் மாசங்களில் சாப்பாடு என்றால் உப்பில் ஊறிய காய்கறி, உப்பு மீன், மிசோ சூப், தட்டு நிறையச் சோறு. 1950களில் அந்த வட்டாரத்தில் ஒருவர் தினமும் 25 கிராமுக்கு மேல் உப்பு சாப்பிட்டதாக அளந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்வது 5 கிராமுக்குள். ரத்த அழுத்தம் ஏறி மூளையில் குழாய் வெடித்துச் செத்தவர்கள் ஏராளம். இதில் பணக்காரத்தனம் எங்கே இருக்கிறது?

வசதி வந்தபோது நடந்தது நேர்மாறு. வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்ததும் உப்பில் ஊறப்போட்டு வைக்கும் தேவை குறைந்தது. 1961ல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வந்தது. ஊர் ஊராக ரத்த அழுத்தம் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். 1960களின் பிற்பாதியிலிருந்து பக்கவாதச் சாவு இறங்க ஆரம்பித்தது. உப்போடு தொடர்புள்ள இரைப்பைப் புற்றுநோயும் கூடவே இறங்கியது.

1981லிருந்து முதலிடம் புற்றுநோய்க்கு. இதையும் பார்த்தவுடன் நம்பக்கூடாது. ஜனங்களுக்கு வயது கூடியதுதான் பெரிய காரணம். வயதைச் சமன்செய்து பார்த்தால் 1990களின் நடுவிலிருந்து அதுவும் குறைகிறது.

2018ல் பக்கவாதத்தை நான்காம் இடத்துக்குத் தள்ளி மூன்றாவதாக வந்தது எது தெரியுமா? முதுமை. வேறு காரணம் எதுவும் இல்லாமல் ஒரு முதியவர் ஓய்ந்து போனால், ஜப்பானிய டாக்டர்கள் சான்றிதழில் அப்படியே எழுதுகிறார்கள்.