வலியற்ற கைகளும் வேலூர்ப் பயிற்சிக்கூடமும்

பங்காருபாளையம் இன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், பலமனேர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர்; மாங்காய்ச் சந்தையால் அறியப்படுவது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இவ்வட்டாரம் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைமையிடமும் சித்தூரே. பின்னர் மாவட்ட எல்லையும், அதன்பின் மாநில எல்லையும் குறுக்கே வரையப்பட்டன. நோயாளிகளின் தடம் அந்தக் கோடுகளைப் பொருட்படுத்தவில்லை. சித்தூர்ச் சீமையின் தெலுங்கரும் தமிழரும் தீராத நோய்க்கு வேலூரை நாடிச் செல்வது தலைமுறைப் பழக்கம். ஆகவே இந்நிலப்பரப்பில் இயன்முறை மருத்துவத்தின் வரலாற்றைத் தேடினால், அது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் போய் நிற்பதில் வியப்பில்லை.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. இயன்முறை மருத்துவம் என்றதும் நினைவுக்கு வருவது வலி: இடுப்புவலி, மூட்டுவலி, தோள்வலி. இலண்டனில் 1894இல் நான்கு செவிலியர் தொடங்கிய உருவுதல் பயிற்சியாளர் சங்கமே பிரித்தானியாவில் இத்துறைக்கு அமைப்புவடிவம் தந்தது. உலகப் போர்களில் ஊனமுற்ற படைவீரரும் இளம்பிள்ளைவாதம் தாக்கிய குழந்தைகளும் அதை வளர்த்தனர். வேலூரிலோ அது வலியை அறவே இழந்த மனிதர்களிடமிருந்து, தொழுநோயாளிகளிடமிருந்து, வலுப்பெற்றது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1946இல் வேலூருக்கு வந்தார். அடுத்த ஆண்டு, தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டை அடுத்த திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே விரல்கள் உள்மடங்கிய ஒரு நோயாளியிடம் தம் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. மருத்துவருக்கு வலித்தது, நோயாளிக்கு எதுவும் தெரியவில்லை. கை செத்துவிடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. முழங்கைக்குப் பின்புறம் தோலுக்கு அண்மையில் ஓடும் அல்நார் நரம்பு பழுதுபட்டதால் உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழந்திருந்தன. முன்கையின் பெருந்தசைகளோ நலமாகவே இருந்தன. இழுக்கும் தசை ஒருபுறம் ஓங்க, எதிர்த்து நிற்கும் தசை மறுபுறம் ஓய, விரல் நகம்போல் வளைந்தது. நலமுள்ள தசையொன்றின் நாணை எடுத்து வேறிடத்தில் இணைத்தால் சமநிலை திரும்பும் என்பது அவர் கணிப்பு. 1948இல் தொழுநோயாளியின் கையில் அத்தகைய அறுவை வேலூரில் நடந்தது.

பெரும்பாலான வரலாறுகள் இந்த இடத்தில் அறுவைக் கத்தியைப் போற்றிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கத்தி செய்தது ஓரிரு மணி நேர வேலை. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை வாரக்கணக்கானவை. ஆண்டுக்கணக்கில் மடங்கிக் கிடந்த விரலின் மூட்டு இறுகியிருக்கும், தோல் சுருங்கியிருக்கும். அந்நிலையில் எந்த நாணை மாற்றிக் கட்டினாலும் விரல் நிமிராது. எண்ணெய் தடவி நீவுதல், இளஞ்சூடான மெழுகில் தோய்த்தல், விரலைச் சிறிது நிமிர்த்தி மாவுக்கட்டிட்டு, சில நாளில் பிரித்து, இன்னும் சிறிது நிமிர்த்தி மீண்டும் கட்டுதல் என்று பொறுமையின் கைவினை முதலில் நடந்தேற வேண்டும். சீனத்தில் பணியாற்றிவிட்டு வேலூர் வந்த ஆங்கிலேய இயன்முறை மருத்துவர் ரூத் தாமஸ் இப்பணியை அங்கே நிலைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். பிராண்டின் பெயர் அறிந்தோரில் பலர் இவர் பெயரை அறியார். துறையின் வரலாற்றெழுத்தில் இது ஒரு குறை.

அறுவைக்குப் பின் வருவது இன்னும் நுட்பமானது. விரலின் நடு மூட்டை மடக்கி வந்த தசையின் நாண் இப்போது விரலின் புறப்பக்கத்தில் இணைக்கப்பட்டுள்ளது. அது இனி அடிக்கணுவை மடக்கி, விரல்நுனியை நிமிர்த்த வேண்டும். மூளைக்கோ இந்த மாற்றம் தெரியாது. நோயாளி பழைய கட்டளையை இடுவார். புதிய அசைவு நிகழும். ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டில் இருந்த கை வெளிவந்ததும், இந்தக் கட்டளையையும் அசைவையும் ஒன்றோடொன்று பழக்கப்படுத்துவதே பயிற்சி. உணர்ச்சியுள்ள கையில் தொடுவுணர்வு துணைக்கு வரும். தொழுநோயாளிக்கு அத்துணையும் இல்லை. தன் விரல் எங்கே இருக்கிறது என்பதை அவர் கண்ணால் பார்த்தே அறிய வேண்டும். இப்பயிற்சி தவறினால் அறுவை வீண். இந்த வகையில் பயிற்சிக்கூடத்தை அறுவை அரங்கின் துணைக்கட்டடமாகக் கருதுவது உண்மையைத் தலைகீழாக்குவதாகும்.

அக்காலத்தில் தொழுநோய் சதையைத் தின்கிறது, விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்ற எண்ணம் மருத்துவரிடையேயும் வேரூன்றியிருந்தது. விரல்கள் எப்படிக் குறைகின்றன என்று வேலூர்க் குழுவினர் நாள்தோறும் கவனிக்கத் தொடங்கினர். துருப்பிடித்த பூட்டொன்றைப் பிராண்டால் திறக்க முடியாதபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் எளிதாகத் திறந்து காட்டினான்; அவன் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. சூடான பாத்திரத்தைப் பற்றியதால் கொப்புளம், கருவியை அளவுக்கு மீறி இறுக்கியதால் புண், உறங்குகையில் எலி கடித்ததால் இழந்த விரல் என்று ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு சாதாரணக் காரணம் கிடைத்தது. எலிக்கு மருந்தாக வழங்கப்பட்டது பூனை! நோய் விரலைத் தின்னவில்லை. வலியென்னும் காவலனை அகற்றிவிட்டுப் போயிருந்தது. ஆகவே பயிற்சிக்கூடத்தின் பாடத்தில் அசைவோடு எச்சரிக்கையும் சேர்ந்தது: வேலை முடிந்ததும் கையைப் பார்த்தல், கருவிக்குத் தடித்த கைப்பிடி இடுதல், பாத்திரத்தைத் துணியால் பிடித்தல்.

கல்லூரி வளாகத்தை ஒட்டி நவஜீவ நிலையம் எழுந்தது. காரணம் மருத்துவமல்ல, பிழைப்பு. அறுவை முடிந்து திரும்பியவர்களுக்கு ஊரில் வேலை தர எவரும் இல்லை. அவர்களில் சிலர் பிச்சையெடுத்து வாழ்ந்தவர்கள். விரல்கள் நேரான பின் இரக்கம் குறைந்து வருவாயும் குறைந்ததென்று அவர்கள் முறையிட்டதைப் பிராண்ட் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அசைவை மீட்டல் என்ற சொல்லில் இந்தக் கசப்பும் அடங்கும். நிலையத்தில் தச்சும் பொம்மை செய்தலும் கற்பிக்கப்பட்டன. 1955இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆய்வு நிலையம் அமைந்தபோது இம்முறைகளுக்கு விரிந்த களம் கிடைத்தது.

இக்கதையில் மேரி வர்கீஸுக்கு உரிய இடம் தனி. கேரளத்தில் பிறந்து வேலூரில் பயின்ற இளம் மருத்துவரான அவர், 1954 சனவரியில் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். கையறுவை அமர்ந்தே செய்யக்கூடியது என்பதால், பிராண்டின் ஊக்கத்தில் சக்கர நாற்காலியிலிருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் அத்துறையைக் கற்றுத் திரும்பினார். அவர் தலைமையில் வேலூரின் மறுவாழ்வுத் துறை வளர்ந்தது. 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 1986இல் மறைந்தார். தென்னிந்தியாவில் முதுகுத்தண்டு முறிவுக்கு மரத்திலிருந்து விழுதல் ஒரு முக்கியக் காரணம். மாந்தோப்புகள் நிறைந்த சித்தூர்ச் சீமைக்கு இந்நிலையம் ஏன் அணுக்கமானது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

திருப்பதியில் தேவஸ்தானத்தின் 'பேர்ட்' மருத்துவமனை இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பியவர்களுக்கு அறுவையும் மறுவாழ்வும் வழங்கியது மற்றொரு கிளைக்கதை. 2011 சனவரிக்குப் பின் இந்தியாவில் காட்டு வகைப் போலியோ புதிதாகப் பதிவாகவில்லை. எனினும் அந்நோய் விட்டுச்சென்ற கால்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்வற்ற கையில் அழுத்தத்தை அளந்து, உணர்வுள்ள இடத்தில் மின்னதிர்ச்சி தரும் செயற்கை வலிக் கருவியை அங்கே அவர் குழு உருவாக்க முயன்றது. ஏமாற்றமே மிஞ்சியது. கருவி எச்சரித்தபோது நோயாளிகள் வேலையை நிறுத்தவில்லை, கருவியை நிறுத்தினர். இன்று இடுப்புவலிக்காரர் மாத்திரையால் வலியை அடக்கிவிட்டு மீண்டும் மூட்டை தூக்கச் செல்வதும் ஏறத்தாழ இதே செயல்தான். வலியின் காரணத்தை அசைவில் தேடி, எந்தத் தசை தளர்ந்தது, எந்தச் சுமை தவறாக ஏற்றப்பட்டது என்று கண்டு, படிப்படியாக உடலைப் பழக்குவது இயன்முறை மருத்துவரின் வழி. நாள்பட்ட இடுப்புவலிக்குப் படுக்கையோய்வு என்ற பழைய அறிவுரை கைவிடப்பட்டு, இயன்றவரை இயங்கு என்ற அறிவுரை அதனிடத்தில் வந்துவிட்டது.

தொழுநோயாளியின் பாதப்புண்ணுக்கு வேலூரில் கையாளப்பட்ட முறை எளியது. பாதத்தோடு ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டிட்டு, நடையின் அழுத்தத்தைப் பாதம் முழுதும் பரப்பி, புண்ணுக்கு ஓய்வு தருதல். புண் ஆறிய பின் நுண்ணறை இரப்பராலான மென்செருப்பு. கார்வில்லில் பிராண்ட் இதே அணுகுமுறையை நீரிழிவால் பாத உணர்வை இழந்தவர்களுக்கும் விரித்தார். சித்தூர் மாவட்டத்தின் குடிபாலா வட்டாரத்தில் வேலூர்க் கல்லூரி இப்போது தனி வளாகம் நடத்துகிறது. நீரிழிவாளரிடம் அங்கும் வேறெங்கும் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லும்போது, அந்த அறிவுரை கையை இழந்துகொண்டிருந்த தொழுநோயாளிகளிடமிருந்து கற்றதுதான்.