மருந்து என்று பெயர் வைத்த விஷம்

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் கியா பார்ம் சந்தையில் வண்டியை நிறுத்தாமல் திரும்புவதில்லை. சோளம், ஸ்ட்ராபெரி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று பை நிறைந்த பிறகுதான் தேயிலையைப் பார்க்கப் போவார்கள். படப்பிடிப்புக்குப் போன நாங்களும் அப்படித்தான். பச்சைக் கம்பளம் என்று வழக்கமான வசனத்தை நான் கேமரா முன் பேசிக் கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி, சாலையோரக் காய்கறித் தோட்டத்தில், முதுகில் டின்னைச் சுமந்தபடி ஓர் இளைஞர் மருந்து அடித்துக் கொண்டிருந்தார்.

மருந்து! நம் தோட்டத்துத் தமிழில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, களைக்கு அடிப்பதும் மருந்து. ஆனால் அதே டின்னில் மலாய் மொழியில் 'ராச்சுன்' என்று எழுதியிருக்கும். விஷம் என்று நேராகவே அர்த்தம். என் பாட்டியும் ரப்பர் தோட்டத்தில் மருந்து டின் தூக்கியவர்தான். அவருடைய நகங்கள் கறுத்துப் போனதை வயதின் கோளாறு என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்த நகங்களைப் பார்த்து "இது எதனால் வந்தது?" என்று கேட்ட ஓர் அமைப்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதன் பெயர் தெனாகானித்தா. மலாயில் பெண் சக்தி என்று பொருள். 1991-ல் அதைத் தொடங்கியவர் ஐரின் பெர்னாண்டஸ். கெடாவில் தோட்டத்துச் சூழலில் வளர்ந்தவர்; ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளர் பக்கம் வந்தவர்.

அதே 1991-ல், மே 7-ஆம் நாள், சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நாடே அதிர்ந்தது. 1994-ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் தொழிற்சாலை வெடித்தால் ஊருக்கே கேட்கும்; தோட்டத்தில் ஒரு பெண்ணின் நுரையீரல் கெட்டால் அது லயத்து வாசலைக்கூடத் தாண்டாது.

அதனால் தெனாகானித்தா லயங்களுக்கே போனது. பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்புடன் சேர்ந்து மருந்து அடிக்கும் பெண்களிடம் பேசி, உடம்பில் என்னென்ன என்று எழுதி, 2002-ல் அறிக்கையாக வெளியிட்டது. மூக்கில் ரத்தம், கண் எரிச்சல், தோல் புண், நகம் நிறம் மாறி விழுவது. செம்பனை, ரப்பர் தோட்டங்களில் தாராளமாகப் புழங்கிய பாராகுவாட் என்ற களைக்கொல்லிதான் அவர்களின் முக்கியக் குறி. கடைப் பெயர் கிரமக்சோன் என்றால் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். குடித்துவிட்டால் முறிக்க மாற்று மருந்தே கிடையாது. சுவீடன் 1983-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

"கையுறை, முகமூடி போட்டால் ஆபத்தில்லையே?" என்று கம்பெனிகள் கேட்டன. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். கொளுத்தும் வெயிலில், செம்பனை மரங்களுக்கு நடுவே, தண்ணீர் தளும்பும் டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு, ரப்பர் உடுப்போடு ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு அதைச் சொன்னால் இன்னும் நியாயமாக இருக்கும். அந்த டின் ஒழுகினால் முதல் சொட்டு விழுவது முதுகில்தான். நனைந்த சட்டையோ வீட்டில் பிள்ளைகளின் துணியோடு துவைக்கப் போகும்.

2002 ஆகஸ்ட்டில் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் ஐரின் நீதிமன்றத்துக்கு அலைந்து கொண்டிருந்தார். தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர் படும் பாட்டை 1995-ல் அறிக்கையாக எழுதியதற்காக, பொய்ச் செய்தி வெளியிட்டார் என்று 1996-ல் வழக்கு. 2003-ல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் 2008-ல்தான் விடுதலை கிடைத்தது. இதற்கு நடுவே 2005-ல், மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவரைத் தேடி வந்தது.

பாராகுவாட் தடையும் நிலைக்கவில்லை. மலிவு, வேகம் என்று தோட்டத் துறை வாதாடியது. 2006-ல், இன்னும் ஆராய வேண்டும் என்று தடை தளர்த்தப்பட்டது. பெண்களின் உடம்பு சொன்ன சாட்சி போதவில்லை போலும். கடைசியில் 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை வந்தது. ஐரின் அதைப் பார்க்கவில்லை. 2014 மார்ச்சில் காலமாகிவிட்டார். என் பாட்டியும் பார்க்கவில்லை.

இதற்குள் தோட்டங்களில் ஆட்களும் மாறிவிட்டார்கள். நம் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போக, டின் இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளியரின் முதுகுக்கு மாறியது. தெனாகானித்தாவின் வேலையும் அவர்கள் பக்கம் திரும்பியது. அதில் நம்மவர்கள் சிலருக்கு வருத்தம் உண்டு. எனக்கு அந்த வருத்தம் புரியவில்லை.

திருத்தப்பட்ட பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்திருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.

கியா பார்மில் அந்த இளைஞரிடம் அரைகுறை மலாயில் பேச்சுக் கொடுத்தேன். வங்காளதேசத்துக்காரர். முகத்தில் ஒரு துணிக்கட்டுதான். டின்னில் என்ன எழுதியிருக்கிறது, படிக்கத் தெரியுமா தம்பி என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.